வேகமான குண்டு ஏன் குறி தவறுகிறது?

திருவிழாவிலும் கடற்கரையிலும் பலூன் சுடும் கடையைப் பார்த்திருப்பீர்கள். கடைக்காரர் துப்பாக்கியை நடுவில் மடிப்பார். குழலின் வாயில் சிறியதோர் ஈயக் குண்டை வைப்பார். மறுபடி நிமிர்த்தி உங்கள் கையில் கொடுப்பார். அதில் வெடிமருந்து கிடையாது. குண்டைத் தள்ளுவது வெறும் காற்றுதான்.

இதே இனத்தில் மிகுந்த ஆற்றலுள்ள துப்பாக்கிகளும் இருக்கின்றன. 'குண்டு ஒலியைவிட வேகமாகப் பாயும்' என்று அவற்றுக்கு விளம்பரம் செய்வதுண்டு. ஆனால், அப்படிப்பட்ட ஒன்றைப் புதிதாக வாங்கிச் சுடுபவர்கள் பலரும் ஒரு விந்தையைக் காண்கிறார்கள். வலுக் குறைந்த துப்பாக்கியில் ஒரே இடத்தில் நெருங்கிப் பட்ட குண்டுகள், வலு மிகுந்த துப்பாக்கியில் சிதறிப் படுகின்றன! வேகம் கூடினால் குறியும் நன்றாக அமைய வேண்டாமா? ஏன் இப்படி? விடை உங்கள் இயற்பியல் பாடத்திலேயே இருக்கிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

துப்பாக்கியை மடிக்கும்போது, உள்ளே உள்ள ஒரு வலிய சுருள்வில் அமுங்கிக்கொள்கிறது. அதை அமுக்க உங்கள் கை செய்த வேலை, வில்லில் நிலை ஆற்றலாகத் தங்குகிறது. விசையை இழுத்தவுடன் வில் விரிந்து ஒரு பிஸ்டனை முன்னே தள்ளுகிறது. பிஸ்டனுக்கு முன்னால் உள்ள காற்று நொடிப்பொழுதில் நெருக்கப்பட்டு, குண்டைக் குழல் வழியே வெளியே தள்ளுகிறது.

சைக்கிள் பம்பின் வாயை விரலால் அடைத்துக்கொண்டு வேகமாக நாலைந்து முறை அடித்துப் பாருங்கள். பம்பின் அடிப்பகுதி சூடாகும். காற்றைத் திடீரென்று அழுத்தினால் வெப்பநிலை உயரும் என்பதே காரணம். துப்பாக்கியினுள் இந்தச் சூடு மிக அதிகம். அங்கே எண்ணெய் கசிந்திருந்தால் அது டீசல் எஞ்சினில் எரிவதைப் போலவே தீப்பற்றி வெடிக்கும்; துப்பாக்கியும் பழுதாகும். ஆகவே கண்ட எண்ணெயையும் அதில் விடக்கூடாது.

இரண்டு மடங்கா, நான்கு மடங்கா?

இப்போது ஒரு கணக்கு. இயக்க ஆற்றல் என்பது நிறையில் பாதியைத் திசைவேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி வருவது. அரை கிராம் குண்டு வினாடிக்கு 170 மீட்டர் வேகத்தில் வெளிப்பட்டால், அதன் ஆற்றல் ஏறக்குறைய 7.2 ஜூல். வேகத்தை இரட்டித்து 340 மீட்டர் ஆக்க வேண்டுமானால் ஆற்றல் இரட்டித்தால் போதாது; நான்கு மடங்காகி, சுமார் 29 ஜூல் ஆக வேண்டும்.

இதற்கு வில் மிகவும் வலிதாக இருக்க வேண்டும். புதிய துப்பாக்கியை மடிக்கவே தோள் வலிக்கிறது என்று அதை வாங்கியவர்கள் சொல்வது இதனால்தான்.

குண்டு சிதறுவதற்கு முதல் காரணமும் இங்கேதான் இருக்கிறது. நியூட்டனின் மூன்றாம் விதியை நினைவுகூருங்கள். கனமான பிஸ்டன் முன்னே பாயும்போது துப்பாக்கி பின்னே உதைக்கிறது. பிஸ்டன் முன்முனையில் சட்டென்று நிற்கும்போது துப்பாக்கி முன்னே குலுங்குகிறது. இந்த இருபக்க ஆட்டத்தின் நடுவிலேதான் குண்டு குழலில் ஓடி வெளியேறுகிறது. வில் வலுத்தால் ஆட்டமும் வலுக்கும். வெடிமருந்துத் துப்பாக்கியில் நன்றாக உழைக்கும் தொலைநோக்கிகள்கூட இந்தக் குலுக்கலில் உடைந்துபோவதுண்டு.

ஒலியின் எல்லை

இரண்டாவது காரணம் காற்று வெளியில் இருக்கிறது. ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர். காற்றுத் துப்பாக்கிக் குண்டின் வடிவத்தைப் பாருங்கள்: இடை சிறுத்து, பின்புறம் பாவாடைபோல் விரிந்து, உள்ளே குழிந்திருக்கும். இறகுப் பந்தைப் போலவே, பின்புறத்தைக் காற்று பிடித்து இழுப்பதால் அதன் தலை முன்னோக்கியே செல்கிறது. குழலின் உள்ளே வெட்டப்பட்டுள்ள சுருள் வரிகள் அதைச் சுழலவும் வைக்கின்றன.

குண்டு ஒலியை விட வேகமாகக் கிளம்பினால், காற்றில் அதிர்ச்சி அலைகள் எழுகின்றன. சாட்டை அடித்தாற்போன்ற ஓசை கேட்கிறது. காற்றுத் தடையும் மிகுந்து, குண்டு விரைவிலேயே வேகம் குறைந்து ஒலியின் எல்லையைக் கீழ்நோக்கிக் கடக்கிறது. அப்போது அதிர்ச்சி அலைகள் இடம் மாறுவதால் குண்டு தடுமாறுகிறது. தடுமாறும் குண்டு குறி தவறுவது இயல்புதானே?

இதற்கு ஓர் எளிய பரிகாரம் உண்டு. 29 ஜூல் ஆற்றலை 0.7 கிராம் குண்டுக்குக் கொடுத்தால் வேகம் சுமார் 287 மீட்டர்தான் வரும். ஒலியின் எல்லைக்குள் அடங்கிய அந்தக் கனமான குண்டு நேராகச் செல்லும். அனுபவமுள்ளவர்கள் கனமான குண்டையே தேர்ந்தெடுப்பதன் இரகசியம் இதுதான்.

வில் இல்லாமலும் சுடலாம்

குலுக்கலைத் தவிர்க்க வழி, வில்லை விட்டுவிட்டுக் காற்றை முன்கூட்டியே அடைத்து வைப்பது. இது புதிய எண்ணம் அன்று. பர்த்தலோமியோ ஜிரார்தோனி என்பவர் 1779 அளவில் அமைத்த காற்றுத் துப்பாக்கியை ஆஸ்திரியப் படையினர் பயன்படுத்தினர். அதன் பின்கட்டையே காற்றுக் கலம். அதை நிரப்ப ஏறக்குறைய 1,500 முறை பம்பு அடிக்க வேண்டுமாம்! 1804 முதல் 1806 வரை அமெரிக்காவின் மேற்குப் பகுதியை ஆராய்ந்த லூயிஸ், கிளார்க் குழுவினரும் ஒரு காற்றுத் துப்பாக்கியை உடன் கொண்டு சென்றனர்.

இன்றைய ஒலிம்பிக் வீரர்களின் துப்பாக்கிகளில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 200 மடங்கு அழுத்தத்தில் காற்று அடைக்கப்பட்டிருக்கிறது. ஆனால் குண்டின் வேகமோ வினாடிக்கு ஏறக்குறைய 170 மீட்டர்தான்! 10 மீட்டர் தொலைவில், அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள புள்ளியே பத்து மதிப்பெண்ணுக்கு உரிய இடம். 2008இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தப் போட்டியில்தான் வென்று, இந்தியாவின் முதல் தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தைப் பெற்றார். அவருக்கு வேண்டியிருந்தது வேகம் அன்று. ஆடாத கை, ஆடாத துப்பாக்கி, என்றும் மாறாத அழுத்தம்.

விளையாட்டுப் பொருள் அன்று

'காற்றுதானே' என்று எண்ணிவிடாதீர்கள். 7 ஜூல் குண்டே கண்ணைப் பறித்துவிடும். பட்டுத் தெறித்து வரும் குண்டும் அப்படியே. எனவே, குண்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் எந்த உயிரை நோக்கியும் துப்பாக்கியை நீட்டக்கூடாது. பெரியவர்களின் மேற்பார்வை இல்லாமல் அதைத் தொடவும் கூடாது. இங்கிலாந்தில் ஏறக்குறைய 16 ஜூலுக்கு மேற்பட்ட காற்றுத் துப்பாக்கிக்குத் தனி உரிமம் வேண்டும். நம் நாட்டில் 2016ஆம் ஆண்டின் ஆயுத விதிகள் 20 ஜூலை எல்லையாக வைத்திருக்கின்றன.

அந்த 20 ஜூல் ஆற்றலுடன் அரை கிராம் குண்டு வெளிப்பட்டால் அதன் வேகம் என்ன? ஒலியின் எல்லைக்கு உள்ளேயா, வெளியேயா? காகிதமும் பென்சிலும் எடுத்துக் கணக்கிட்டுப் பாருங்கள்.