கூடு விட்டு வெளிவரும் ஆந்தைக் குஞ்சுகளைப் படம் எடுக்கும் முறை

வயல் எலிகளை வேட்டையாடும் பறவைகளுள் ஆந்தை இனத்துக்கு முதலிடம் உண்டு என்பது விவசாயப் பெருமக்கள் அறிந்ததே. இருந்தும், கிணற்றுப் பொந்திலோ பழைய பம்பு செட்டு அறையிலோ ஆந்தை குஞ்சு பொரித்தால் பலர் அதைக் கலைத்து விடுகின்றனர். இதற்குப் பெரும் காரணம் சத்தமே. வளர்ந்து வரும் கூகைக் குஞ்சுகள் இரவெல்லாம் இரை கேட்டுச் சீறிக்கொண்டே இருக்கும். பாம்பு என்று எண்ணுவோரும் உண்டு, பேய் என்று அஞ்சுவோரும் உண்டு. அந்த வாரத்தில் வீட்டில் யாருக்கேனும் காய்ச்சல் வந்து விட்டால் பழி பறவையின் மேல்தான் விழும். பொந்தை அடைத்து விட்டால் உள்ளே இருக்கும் குஞ்சுகள் பட்டினியால் மடியும்.

சத்தம் எதிலிருந்து வருகிறது என்பதைத் தெளிவான ஒரு படத்தில் காட்டி விட்டால் இந்த அச்சம் பெரிதும் குறையும். பொந்தின் வாயில் இதய வடிவ வெள்ளை முகத்துடன் மூன்று குஞ்சுகள் வரிசையாக நிற்பதைப் பார்த்த பின் அதை அடைக்க மனம் வருவது கடினம். இன்று செல்போன் இல்லாத வீடு அரிது. ஆகவே இம்முறையை அறிந்து கொள்வது பயன் தரும்.

எப்போது எடுக்கலாம்?

நம் ஊர்களில் அடிக்கடி காணப்படுபவை கூகையும் புள்ளி ஆந்தையும் ஆகும். புள்ளி ஆந்தை பெரும்பாலும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை முட்டையிடும். குஞ்சுகள் ஏறக்குறைய ஒரு மாத வயதில் பொந்தை விட்டு வெளிவரும். கூகைக்குக் குறிப்பிட்ட பருவம் என்று ஒன்றில்லை. இரை மிகுந்திருந்தால் எந்த மாதத்திலும் குஞ்சு பொரிக்கும். அதன் குஞ்சுகள் பறக்க 8 முதல் 9 வாரங்கள் ஆகும்.

ஆந்தை முட்டைகளை ஒரே நாளில் இடுவதில்லை. கூகை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒன்றாக இட்டு, முதல் முட்டையிலிருந்தே அடைகாக்கத் தொடங்கி விடும். ஆகையால் ஒரே கூட்டில் பெரியதும் சிறியதுமாகக் குஞ்சுகள் இருக்கும். எலி குறைந்த காலத்தில் கடைக்குட்டி பிழைப்பதில்லை. பிழைத்தவையும் ஒரே நாளில் வெளியேறா. மூத்தது முதலில், மற்றவை அடுத்தடுத்த நாட்களில் பறக்கும். அதற்கு முன்பே பல மாலைகள் பொந்தின் வாயில் வந்து நின்று சிறகடித்துப் பழகும். தலையிலும் காலிலும் பஞ்சு போன்ற இளந்தூவி இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். படத்துக்கு இதுவே ஏற்ற தருணம். ஆகவே அவசரம் தேவையில்லை; இன்று கிட்டாதது நாளை கிட்டும்.

எடுக்கும் விதம்

புதிதாகத் தொடங்குவோர் புள்ளி ஆந்தையை எடுப்பது நலம். அது சூரியன் மறையும் முன்பே வெளியே வந்து கிளையில் அமர்ந்து, தலையை மேலும் கீழும் ஆட்டி நம்மைப் பார்க்கும். மாலை 5 மணிக்கு மேல், வெளிச்சம் நமக்குப் பின்னால் இருக்குமாறு நின்று கொள்ள வேண்டும். 300 அல்லது 400 மில்லிமீட்டர் லென்ஸ் உள்ள காமிராவானால் 15 முதல் 20 மீட்டர் தொலைவிலிருந்தே நல்ல படம் கிடைக்கும். செல்போனில் படத்தைப் பெரிதாக்கினால் உருவம் கலங்கி விடும். அதைவிட, தொலைநோக்கியின் கண் வைக்கும் பகுதியில் செல்போன் லென்ஸைப் பொருத்தி எடுப்பது மேல். இரண்டையும் கம்பில் அசையாமல் கட்டிக்கொள்ளவும்.

கூகைக்கு மறைப்பு வேண்டும். ஒரு தென்னங்கீற்றுத் தட்டி போதும். அதை முதல் நாளே பொந்தருகே நடக் கூடாது. தொலைவில் நட்டு, நாளுக்குச் சிறிது தூரமாக முன்னால் நகர்த்தினால் பறவை பழகி விடும். மறைப்புக்குள் போகும்போது இரண்டு பேராகச் சென்று, ஒருவர் மட்டும் திரும்பி வருவது பறவைப் படம் எடுப்போரின் பழைய உத்தி. ஆள் போய் விட்டதாக ஆந்தை எண்ணிக்கொள்ளும் போலும்! பிளாஷ் வெளிச்சம் அறவே வேண்டாம்; இருளுக்குப் பழகிய கண்கள் கூசி, பறவை தடுமாறும். இருட்டிய பின் வழி பார்க்க டார்ச்சின் மேல் சிவப்புக் கண்ணாடித் தாளைக் கட்டிக்கொள்ளலாம்.

செய்யக் கூடாதவை சில உள்ளன. பொந்து நன்றாகத் தெரிய வேண்டும் என்று கிளைகளை வெட்டினால் பகலில் காக்கைகளும் கரிச்சான்களும் குஞ்சுகளைச் சூழ்ந்து விரட்டும். மரத்தைத் தட்டினால் பறக்கத் தெரியாத குஞ்சு மிரண்டு குதித்து விடும். ஏணி வைத்து ஏறிப் பொந்துக்குள் எட்டிப் பார்ப்பது பறவைக்கும் ஆபத்து, நமக்கும் ஆபத்து. இங்கிலாந்தின் புகழ்பெற்ற பறவைப் புகைப்படக்காரர் எரிக் ஹாஸ்கிங், 1937-ஆம் ஆண்டு வேல்ஸ் பகுதியில் ஆந்தைக் கூட்டருகே இருந்த தம் மறைவிடத்துக்கு இரவில் ஏறியபோது, தாய் ஆந்தை பாய்ந்து தாக்கியதில் ஒரு கண்ணை இழந்தார். நம் கூகையும் புள்ளி ஆந்தையும் அவ்வளவு மூர்க்கமானவை அல்ல. பாறை இடுக்குகளில் கூடு வைக்கும் கொம்பன் ஆந்தையிடம் மட்டும் விலகியே இருக்க வேண்டும்.

தரையில் கிடக்கும் குஞ்சு

வெளிவரும் நாட்களில் சில குஞ்சுகள் கீழே விழுவது இயல்பு. கிடைத்த குஞ்சை வீட்டுக்கு எடுத்துச் சென்று பாலும் சோறும் ஊட்டுவது அதைக் கொல்வதற்குச் சமம். கனத்த துணியால் பிடித்து, பொந்திலோ அருகிலுள்ள கிளையிலோ வைத்து விட்டு விலகி விடவும். மனிதர் கை பட்டால் தாய் ஒதுக்கி விடும் என்பது தவறான நம்பிக்கை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி ஆந்தையைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றம். அடிபட்டிருந்தால் வனத்துறைக்குத் தெரிவிக்கவும்.

கூட்டில் குஞ்சு இருக்கும் காலத்தில் சுற்றியுள்ள வயலில் புரோமடையலோன் வில்லைகளை வைக்காதிருத்தல் வேண்டும். இம்மருந்தைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தளர்ந்து திரியும். அதையே ஆந்தை எளிதில் பிடித்துக் குஞ்சுக்குக் கொண்டு வரும். நஞ்சு எலியோடு நில்லாமல் கூட்டையும் சென்றடையும். அந்த இரண்டு மாதங்களுக்குக் கிட்டியும் வளை தோண்டிப் பிடித்தலுமே போதுமானவை.

படத்தோடு தேதியையும் வெளிவந்த குஞ்சுகளின் எண்ணிக்கையையும் ஒரு நோட்டில் குறித்து வைக்கவும். பொந்தின் அடியில் ஆந்தை கக்கிய உருண்டைகள் கிடக்கும். அவற்றை நீரில் ஊற வைத்துப் பிரித்தால் எலியின் மண்டை ஓடுகளும் பற்களும் முழுதாகக் கிடைக்கும். அவற்றையும் ஒரு காகிதத்தில் பரப்பிப் படம் எடுத்தால், பொந்தை அடைக்கச் சொல்லும் அண்டை வீட்டாருக்கு இரண்டு படங்களையும் சேர்த்துக் காட்டலாம். ஆனால் செல்போன் வழியே வெளியூராருக்கு அனுப்பும்போது ஊர்ப் பெயரையும் மரம் இருக்கும் இடத்தையும் குறிப்பிட வேண்டாம். மாந்திரீகத்துக்காக ஆந்தைகளைப் பிடித்து விற்போர் நாட்டில் இன்னும் இருக்கிறார்கள். தீபாவளியை ஒட்டி இவ்வியாபாரம் அதிகமாகிறது.