கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் எலி



விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் நெல் அறுவடை முடிந்த கழனிகளில் இருளர் மக்கள் எலி பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? வரப்பில் ஒரு வளையைக் கண்டதும் அவர்கள் உடனே வெட்டத் தொடங்கிவிட மாட்டார்கள். முதலில் சுற்றிலும் நடந்து பார்ப்பார்கள். ஏனென்றால் எலி வளைக்கு ஒரே ஒரு வாசல் மட்டும் இருப்பதில்லை. இலேசாக மண் மூடிய வேறு வாசல்களும் இருக்கும். ஆபத்து வந்தால் எலி அவற்றின் வழியே ஓடிவிடும். அந்த வாசல்களை அடைத்த பிறகுதான் தோண்டுவார்கள். அல்லது புகை மூட்டுவார்கள்.

அதே வரப்புக்குச் சாரைப்பாம்பும் எலியைத் தேடி வரும். அதற்கு வாசல்களை அடைக்கத் தெரியாது. ஆகவே சில தடவை அதற்கு இரை கிடைக்கும். பல தடவை எலி தப்பிவிடும். இதைக் கொடுமை என்று யாரும் சொல்வதில்லை. சாரை இல்லாவிட்டால் நம் நெல்லுக்குத்தான் நஷ்டம்!

இப்பொழுது இன்னொரு காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒரு கண்ணாடிப் பெட்டி. உள்ளே பாம்பு. ஒருவர் மூடியைத் திறந்து உயிருள்ள எலி ஒன்றை உள்ளே விடுகிறார். மூடியை மூடிவிடுகிறார். அதே பாம்பு, அதே எலி. ஆனால் எலி தப்பிக்க ஒரு வாசலும் இல்லை. அடைத்தது யார்? மனிதன்தான். "காட்டில் நடப்பதுதானே இங்கும் நடக்கிறது?" என்று சிலர் கேட்பார்கள். இந்த வேறுபாட்டை அவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

எலி பேசாமல்தான் இருக்கிறதா?

பெட்டிக்குள் எலி சத்தம் போடாமல் மூலையில் ஒடுங்கியிருக்கும். அதற்குப் பயமே இல்லை என்று தோன்றும். உண்மை என்ன? நம் காதுக்கு வினாடிக்குச் சுமார் 20,000 அதிர்வுகள் வரை உள்ள ஒலிதான் கேட்கும். பயந்துபோன எலி எழுப்பும் அபாயக் குரலோ வினாடிக்குச் சுமார் 22,000 அதிர்வுகள் கொண்டது. மற்ற எலிகளுக்கு அது கேட்கும்; நமக்குக் கேட்காது. நமக்குக் கேட்கவில்லை என்பதால் அது கத்தவில்லை என்று முடிவு கட்டலாமா?

பாம்புக்கும் ஆபத்து

பாம்பு தினமும் சாப்பிடும் பிராணி அல்ல. வயிறு நிறைந்திருந்தாலும், சட்டை உரிக்கும் சமயத்திலும் அது இரையைத் தொடாது. அப்பொழுது எலியை உள்ளே விட்டுவிட்டுப் போய்விட்டால் என்ன ஆகும்? எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்பவை. உளி போன்ற கூர்மை உடையவை. பசித்த எலி பாம்பின் முதுகையே கடித்துவிடும். அந்தக் காயத்தால் பாம்பு சாவதும் உண்டு. காட்டில் பாம்பு விலகிப் போய்விடலாம். பெட்டிக்குள் அதற்கும் வழி இல்லை.

செத்த இரையைப் பாம்பு தின்னுமா?

இந்தக் கேள்வி புதிதல்ல. லண்டன் மிருகக்காட்சி சாலையில் 19ஆம் நூற்றாண்டில் பாம்புகளுக்கு உயிருள்ள இரை போடுவது வழக்கமாக இருந்தது. அது சரியா, தவறா என்று பெரிய சர்ச்சை எழுந்தது. பின்னர் அங்கே பணியாற்றிய சால்மர்ஸ் மிட்செல், போகாக் என்ற இரு விஞ்ஞானிகள் சோதனை செய்து பார்த்து, 1907ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பெரும்பாலான பாம்புகள் செத்த இரையையும் ஏற்றுக்கொண்டன.

இது எப்படி முடிகிறது? பாம்பு இரையைக் கண்ணால் மட்டும் அறிவதில்லை. நாக்கை நீட்டி நீட்டி மணத்துகள்களைச் சேகரிக்கிறது. மேல்வாயில் உள்ள ஜேக்கப்சன் உறுப்பு அவற்றை ஆராய்கிறது. மலைப்பாம்புக்கு உதட்டோரத்தில் வெப்பத்தை உணரும் குழிகளும் உண்டு. ஆகவே, குளிர்பெட்டியில் வைத்திருந்த செத்த எலியை எலியின் உடல் வெப்பத்துக்குச் சூடாக்கி, நீண்ட இடுக்கியால் பிடித்து அசைத்துக் காட்டினால், பல பாம்புகள் கவ்விக்கொள்கின்றன.

ஒன்றை மறைக்கக் கூடாது. அந்த எலியையும் யாரோ கொன்றிருக்கிறார்கள். எலியின் சாவை நாம் தவிர்த்துவிடவில்லை. அதன் பயத்தையும் வேதனையையும்தான் குறைத்திருக்கிறோம். சாவையே தவிர்க்க முடியாதா? முடியாது. விழுப்புரத்திலிருந்து சென்னைக்குப் போகும் ரயில் பாதையில் வண்டலூர் இருக்கிறது. 1985ல் அங்கே திறக்கப்பட்ட அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவில் புலியைப் பார்க்கலாம். அந்தப் புலிக்குச் சாம்பார் சாதம் போட முடியாது! பூனை இனத்துக்குத் தேவையான டாரின் என்ற பொருளை அதன் உடல் போதிய அளவு தயாரிப்பதில்லை. இறைச்சியிலிருந்துதான் அது கிடைக்க வேண்டும். ஆனால் இறைச்சி வேண்டும் என்பது வேறு. உயிருள்ள ஆடு வேண்டும் என்பது வேறு.

உயிருள்ள இரை தேவைப்படும் இடங்கள்

எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே விதி பொருந்தாது. தவளையின் கண்ணுக்கு, அசையும் பூச்சிதான் உணவு. சுற்றிலும் செத்த ஈக்கள் கிடந்தாலும் அது பட்டினி கிடக்கும் என்று லெட்வின் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் நண்பர்களும் 1959ல் எழுதினார்கள்.

மீண்டும் காட்டில் விடப்போகும் விலங்குகளின் விஷயமும் வேறு. மத்தியப் பிரதேசத்தில் கான்ஹா காப்பகத்தில், தாயை இழந்த இரண்டு பெண்புலிக் குட்டிகள் வேலியிட்ட பெரிய அடைப்புக்குள் வேட்டை பழகி வளர்ந்தன. புலிகளே இல்லாமல் போயிருந்த பன்னா காப்பகத்தில் 2011ல் அவை விடப்பட்டு, அங்கே குட்டிகளும் ஈன்றன. நம் வால்பாறை அருகே 2021ல் மீட்கப்பட்ட புலிக்குட்டிக்கும் வேட்டை பழகுவதற்காக 2022ல் 10,000 சதுர அடி அடைப்பு அமைத்தார்கள். வேட்டை தெரியாத புலி காட்டில் பிழைக்காது. இங்கே ஒரு மானின் அச்சத்துக்கு எதிரே ஒரு புலியின் வாழ்வு நிற்கிறது. முடிவு செய்வது எளிதல்ல.

வேடிக்கைக்காக என்றால்?

அங்கே சந்தேகமே இல்லை. வேடிக்கை காட்டுவதற்காக மட்டும் ஒரு பிராணியை அடைத்தோ கட்டியோ வைத்து இன்னொன்றுக்கு இரையாக்குவதை 1960ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் குற்றம் என்கிறது. பாம்பைப் பிடித்து வீட்டில் வளர்ப்பதையும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் அனுமதிப்பதில்லை. ஆகவே இந்தச் சோதனைகளை நீங்கள் செய்துபார்க்க வேண்டாம்!

ஆனால் கேள்வி கேட்கலாம். அடுத்த முறை பள்ளிச் சுற்றுலாவில் வண்டலூருக்கோ கிண்டி பாம்புப் பண்ணைக்கோ போகும்போது, அங்குள்ள காப்பாளரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். இந்தப் பிராணிக்கு என்ன இரை கொடுக்கிறீர்கள்? அது உயிரோடுதான் இருக்க வேண்டுமா? செத்த இரைக்குப் பழக்க முயன்று பார்த்தீர்களா? அவர் சொல்லும் பதிலைக் குறித்துக்கொண்டு வந்து, வகுப்பில் நண்பர்களோடு விவாதியுங்கள். கூண்டுக்குள் இருக்கும் பாம்புக்காக ஒருவரும், எலிக்காக ஒருவரும் பேசட்டும்.