முதலில் நகல், பிறகு பழுது

பழைய ஹார்ட் டிஸ்க்கில் பேட் செக்டர் இருப்பது தெரிந்ததும் பலர் முதலில் தேடுவது பழுது நீக்கும் மென்பொருளைத்தான். அது ஓடி முடிந்து கணினி மறுபடி இயங்கினால் டிஸ்க் சரியாகிவிட்டது என்று நினைக்கிறோம். கெட்ட இடத்தை ஒதுக்கிவிட்டு டிஸ்க்கை ஓட்டுவதில் தவறில்லை. உள்ளே இருப்பதை வேறொரு டிஸ்க்குக்கு நகலெடுக்காமல் அதைத் தொடங்குவதுதான் தவறு.

டிஸ்க்கில் தகவல் 512 பைட், புதியவற்றில் 4096 பைட் கொண்ட செக்டர்களாகப் பதிகிறது. தயாரிக்கும்போதே கொஞ்சம் உபரி செக்டர்களும் ஒதுக்கப்படுகின்றன. எழுதும்போது ஒரு செக்டர் மக்கர் செய்தால், நமக்குத் தெரியாமலே டிஸ்க் உபரியில் எழுதிக்கொள்ளும். படிக்க முடியாமல் போனால் கதை வேறு. அங்கே என்ன இருந்தது என்று டிஸ்க்குக்கே தெரியாதபோது எதை எடுத்து உபரியில் வைப்பது? அதனால் அந்த செக்டரை நிலுவையில் வைத்து, அதன்மேல் யாராவது புதிதாக எழுதும்வரை காத்திருக்கிறது. சில பழுதுநீக்கிகள் அங்கே சுழியங்களை எழுதிவிடுகின்றன. நிலுவைக் கணக்கு தீர்ந்துவிடும். அந்த இடத்தில் இருந்த கல்யாணப் படத்தின் துண்டும் அதோடு போய்விடும். விண்டோஸின் செக்டிஸ்க் அப்படி அழிப்பதில்லை, கெட்ட இடத்தைக் குறித்து ஒதுக்குகிறது. ஆனால் அதற்காக டிஸ்க் முழுவதையும் படித்து, அதே டிஸ்க்கில் எழுதவும் செய்கிறது. தளர்ந்துபோன டிஸ்க்குக்கு அந்த உழைப்பே கடைசி உழைப்பாகிவிடலாம். லினக்ஸில் ஓடும் டிடிரெஸ்க்யூ இதற்கு நேர்மாறானது. நல்ல பகுதிகளை முதலில் வேறு டிஸ்க்குக்கு அள்ளிக்கொண்டு, முரண்டு பிடிக்கும் இடங்களுக்குக் கடைசியில் திரும்பி வருகிறது.

நாலைந்து பேட் செக்டரோடு வருடக்கணக்கில் ஓடும் டிஸ்க்குகள் இருக்கின்றனவே என்று கேட்கலாம். உண்மைதான். 1 லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்க்குகளைக் கவனித்து கூகுள் 2007இல் வெளியிட்ட ஆய்விலும் பிழை காட்டியவற்றில் பெரும்பாலானவை பல மாதங்கள் தாங்கின. ஆனால் தன் பரப்பைத் தானே சோதிக்கும்போது முதல் பிழையை (ஸ்கேன் பிழை) கண்ட டிஸ்க், அடுத்த 60 நாளில் செயலிழக்கும் வாய்ப்பு பிழையில்லாததைவிட 39 மடங்கு என்றும் அதே ஆய்வு கண்டது. எது தாங்கும், எது சாகும் என்று வெளியே இருந்து சொல்ல வழியில்லை. செயலிழந்தவற்றில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், பேட் செக்டர் தெரியவந்ததையே நல்ல காலம் என்று சொல்வேன்.

நகல் பத்திரமான பிறகு, கெட்ட பகுதியை விட்டுவிட்டுப் பார்ட்டிஷன் பிரித்து, மறுபடி இறக்கிக்கொள்ளக்கூடிய சினிமாவையும் பாட்டையும் அதில் வைக்கலாம். டிஸ்க் தன் நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் பட்டியலில் 5 (உபரிக்கு மாற்றியவை), 197 (நிலுவையில் உள்ளவை) ஆகிய இரண்டு எண்களின் எதிரே உள்ள கணக்கை அவ்வப்போது பாருங்கள். அது நின்ற இடத்தில் நின்றால் ஓட்டுங்கள்; ஏறிக்கொண்டே போனால் கழற்றிவிடுங்கள்.