சந்துச் சுவருக்கும் சரிகைக் கரை போடலாமே! காஞ்சிபுரத்துக்கு வழி காட்டும் கண்ணகி நகர்

காஞ்சிபுரம் பட்டு என்றால் வாய் பிளக்காதவர் யார்? ஆனால் அதே ஊரில் சில சந்துகளுக்குள் நுழைந்தால் மூக்கைத்தான் பிடிக்க வேண்டும்! ஒரு பக்கம் குப்பை. இன்னொரு பக்கம் கிழிந்த போஸ்டர். இருட்டிவிட்டால் பெண்கள் சுற்று வழியில் போகிறார்கள்.

அந்தச் சுவர்களில் சித்திரம் தீட்டினால் என்ன?

"சுவத்துல பொம்மை போட்டா குப்பை போயிடுமா சார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். சென்னை துரைப்பாக்கம் வரை போய் வருவோம், வாருங்கள்.

"எந்த ஏரியாப்பா?"

சென்னைக் குடிசைகளை அகற்றி, 2000-ம் ஆண்டு முதல் மக்களைக் குடியேற்றிய இடம் கண்ணகி நகர். சுனாமியில் வீடு இழந்தவர்களும் அங்கே உண்டு. 15 ஆயிரத்துக்கு மேல் வீடுகள். அங்குள்ள பிள்ளைகள் வேலை கேட்டுப் போனால் "எந்த ஏரியாப்பா?" என்பார்கள். பேரைச் சொன்னால், "சரி, சொல்லி அனுப்புறோம்". அவ்வளவுதான்!

2020 தொடக்கத்தில் ஸ்டார்ட் இந்தியா அறக்கட்டளை, ஏஷியன் பெயின்ட்ஸ் கம்பெனியோடும் சென்னை மாநகராட்சியோடும் கைகோத்து அங்கே இறங்கியது. அடுக்கு வீடுகளின் பக்கச் சுவர் முழுக்க ராட்சத ஓவியங்கள்! சென்னை ஓவியர் ஏ-கில் தீட்டியது யார் படம் தெரியுமா? அந்தப் பேட்டைப் பிள்ளைகளின் சிரித்த முகம்! ஒதுங்கிப் போனவர்கள் காமிராவோடு தேடி வந்தார்கள்.

வேலையும் தண்ணீரும் சித்திரத்தால் வந்துவிடவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் "இது எங்க ஏரியா" என்று தலை நிமிர்ந்து சொல்ல ஒரு காரணம் கிடைத்தது.

காஞ்சிக்கு என்ன குறைச்சல்?

சுவர்ச் சித்திரம் இந்த ஊருக்குப் புதுசா? கைலாசநாதர் கோயிலில் 1,300 ஆண்டு பழைய பல்லவர் ஓவியங்கள் 1931-ல் வெளிப்பட்டனவே! மயில், அன்னம், யாளி, மல்லிமொக்கு, கோபுரம் என்று சேலையில் இல்லாத சித்திரமா? வெளியூரிலிருந்து எதையும் கடன் வாங்க வேண்டாம்.

விடிகாலையில் நெசவாளர் தெருவைப் பாருங்கள். தெரு நீளத்துக்குப் பாவை இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழையை முடிச்சுப் போடுகிறார்கள். அங்கே குப்பை கொட்ட யாருக்கு மனசு வரும்? அந்தத் தெருவுக்குச் சொந்தக்காரன் உண்டு. குப்பை சேருவதெல்லாம், யாருக்கும் சொந்தமில்லாத சந்தில்தான்!

ஆகவே முதலில் குப்பையை அள்ளுங்கள். ஒரு விளக்கைப் போடுங்கள். பிறகு சுவரில் என்ன வேண்டும் என்று அந்தச் சந்துக்காரர்களையே கேளுங்கள். கேட்காமல் தீட்டினால் அடுத்த மாதமே அதன் மேல் போஸ்டர்தான்!

கோர்வைச் சேலையில் உடலுக்கு ஒருவர் நாடா வீச, கரைக்குப் பக்கத்து ஆள் வீசுவார். இரண்டு கை சேர்ந்தால்தான் சேலை. சந்துக்கும் அதே கணக்குத்தான். ஓவியர் ஒரு கை, ஊரார் ஒரு கை!