இருவருக்கு ஒரு நாள்: முத்துராஜவெலவுக்குப் போய் வருதல்

"தம்பதியருக்கான உல்லாசப் பயணம்" என்ற விளம்பரத்தைப் பத்திரிகையில் கண்டால் எமது வாசகர்களில் அநேகர் பக்கத்தைப் புரட்டிவிடுவார்கள். விடுதி அறைக்குக் கொடுக்கிற காசில் ஒரு மூடை உரம் வாங்கலாமே என்பார்கள். அது சரியான கணக்குத்தான். ஆனால் கணவனும் மனைவியும் திறந்த வெளியில், தனியே, ஒரு நாளைக் கழிப்பது காசுள்ளவர்களுக்கு மட்டுமே உரியது என்பதை நாம் ஒத்துக்கொள்வதற்கில்லை.

வயல் செய்த காலத்தில் இதற்கென்று எவரும் புறப்பட்டுப் போனதில்லை. போகத் தேவையும் இருக்கவில்லை. கதிர் பால் பிடிக்கும் நாட்களில் பன்றிக் காவலுக்கு நின்ற கணவனுக்கு மனைவி சாப்பாடு கொண்டு போவாள். இருவரும் வரம்பில் குந்தியிருந்து பேசுவார்கள். மகளின் படிப்பு, கட்ட வேண்டிய சீட்டுக் காசு, மாமியின் வருத்தம் எல்லாம் அங்கேதான் பேசித் தீர்ந்தன. சண்டை பிடித்ததும் அங்கேதான், சமாதானமானதும் அங்கேதான். பிறகு இடம்பெயர்ந்தோம். நட்டஈட்டுப் படிவங்களில் நிலம், மாடு, கிணறு, கூரைத் தகடு என்று எழுதிக் கொடுத்தோம். இருவர் தனித்திருந்து பேசிய அந்த வரம்பை எந்தக் கூட்டில் எழுதுவது?

முகாம்களில் இருந்த ஆண்டுகளில் தறப்பாளுக்கு இந்தப் பக்கம் சொன்ன சொல் அந்தப் பக்கம் கேட்டது. இன்றும் உறவினர் வீட்டு விறாந்தையிலும், ஒரே அறை கொண்ட வீட்டிலும் வாழும் குடும்பங்கள் உண்டு. சத்தம் போட்டுச் சண்டை பிடிக்கவும் முடியாது, மெல்லப் பேசிச் சமாதானமாகவும் முடியாது. நாளடைவில் இருவரும் அரிசி, மருந்து, பள்ளிக்கூடக் கொப்பி ஆகியவற்றைப் பற்றி மட்டும் பேசுகிறவர்களாகிவிடுகிறார்கள். வெறும் களைப்பு என்று இதை நாம் ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் குடும்பம் தளர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

நீர்கொழும்பு, வத்தளை, புத்தளம் பக்கங்களில் இருப்பவர்கள் விடியப் புறப்பட்டால் பின்னேரம் வீடு திரும்பக்கூடிய ஓர் இடத்தைப் பற்றி இங்கு எழுதுகிறோம். களனி கங்கைக்கும் நீர்கொழும்புக் களப்புக்கும் இடையே, கடற்கரைக் கிராமங்களின் பின்புறமாக நீண்டு கிடக்கும் முத்துராஜவெல சதுப்பு நிலமே அது. பரப்பு ஏறத்தாழ 3,000 ஹெக்டேயர். 1996ஆம் ஆண்டு இதன் வட பகுதி சரணாலயமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

சிங்களத்தில் "வெல" என்றால் வயல். பெயர் சொல்வது போலவே, நாணலும் கோரையும் நிற்கும் இந்த நிலத்தில் முற்காலத்தில் நெல் விளைந்தது. வாய்க்கால்கள் வழியே கடல்நீர் ஏறி நிலம் உவர்ப்பட்டது. அந்த உவரை வடிப்பதற்கென்று பிரித்தானியர் 1802இல் தொடங்கி 1804இல் வெட்டி முடித்ததுதான் ஹமில்டன் கால்வாய். கால்வாய் இன்றும் ஓடுகிறது, வயல் திரும்பவில்லை. உவர் ஏறிய காணியைக் கண்ணால் கண்ட எம்மவருக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. ஆனாலும் நெல் போனதோடு இந்த நிலம் செத்துப்போகவில்லை. கோரை வந்தது, சம்பு வந்தது, களப்போரம் கண்டல் வந்தது. இறாலும் மீனும் கண்டல் வேரடியில் வளர்ந்தன. மழை வெள்ளத்தைப் பஞ்சு போல உறிஞ்சி வைத்து அயலூர்களைக் காப்பாற்றுவதும் இதே சேறுதான்.

போகும் வழி இலகுவானது. புத்தளப் பாதைப் புகையிரதத்திலோ கொழும்பு-நீர்கொழும்பு பஸ்ஸிலோ வந்து ஜா-எலயில் இறங்க வேண்டும். அங்கிருந்து மேற்கே போப்பிட்டிய வழியாகப் பமுனுகம செல்லும் வீதியைப் பிடித்தால் சதுப்பைக் கடந்தே போவீர்கள். பார்வையாளர் நிலையம் போப்பிட்டியவில் உள்ளது. அங்கிருந்து வள்ளத்தில் கால்வாய் வழியாகக் களப்பு வரை போய் வர இரண்டு மணித்தியாலம் அளவில் பிடிக்கும். கட்டணம் ஆளுக்கா வள்ளத்துக்கா என்பதை ஏறும் முன்பே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். வேறு ஆட்களோடு சேர்ந்து போனால் செலவு குறையும். ஆனால் தனியே பேச வந்த நீங்கள் அடுத்தவரின் கைத்தொலைபேசிப் பேச்சைக் கேட்டுக்கொண்டு வர நேரிடும்! காசைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்து, கிழமை நாளொன்றில் தனி வள்ளத்தில் போவதே நல்லது என்பது எமது எண்ணம்.

காலை ஏழு மணிக்கு முன்பாக வள்ளம் ஏறுகிறவர்களுக்குத்தான் அதிகம் காணக் கிடைக்கும். வெயில் ஏறினால் பறவைகள் புதருக்குள் ஒதுங்கிவிடும். மார்கழி முதல் பங்குனி வரையான காலம் உகந்தது. மழை குறைவு, குளிர் நாடுகளிலிருந்து வரும் பறவைகளும் நிற்கும். இயந்திரம் பூட்டிய வள்ளமானால் கால்வாயின் ஒடுங்கிய பகுதியில் அதை நிறுத்தித் தடியால் ஊன்றும்படி கேளுங்கள். "ஹெமின் யமு" என்று சொன்னால் போதும், மெதுவாகப் போவோம் என்பது பொருள். சத்தம் அடங்கியதும் முதலில் தவளை கேட்கும், பிறகு மீன்கொத்தி. கரையோரச் சேற்றில் செந்நாரை அசையாமல் நிற்கும். நீலத் தாழைக்கோழி நீண்ட விரல்களால் இலைகளை மிதித்து நடக்கும். நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருக்கும். கபரக்கொய்யா தண்ணீரில் நீந்திப் போவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் முதலையும் உண்டு, ஆகையால் கையைத் தண்ணீரில் விட வேண்டாம். கொக்கைக் கண்டவுடன் எம்மவர்கள் தம் உழவைப் பற்றிப் பேசத் தொடங்குவார்கள். ஏருக்குப் பின்னால் அது நடந்ததும், மாட்டின் முதுகில் ஏறியதும், அந்த மாடுகளின் பெயர்களும் ஒவ்வொன்றாக வரும். அந்தப் பேச்சை நிறுத்த வேண்டாம். இந்தப் பயணமே அதற்காகத்தான்.

கால்வாய்க் கரை வெறும் காடு அல்ல. வீடுகளும் வலைகளும் வள்ளங்களும் உள்ளன. அங்கு வாழ்வோர் காட்சிப் பொருள்கள் அல்லர். படம் பிடிப்பதற்கு முன் கேட்க வேண்டும். அவர்களும் இழப்பு அறிந்தவர்கள். 2021 மே மாதம் எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல் தீப்பற்றியபோது பிளாஸ்ரிக் குருணிகள் இந்தக் கரையில் குவிந்தன. மீனவர்கள் கடலுக்குப் போக முடியாமல் இருந்தார்கள். அதே ஆண்டில் முத்துராஜவெலவை நகர அபிவிருத்தி அதிகாரசபையின் கீழ்க் கொண்டுவரும் முயற்சி நடந்தபோது, கொழும்புப் பேராயர் மல்கம் ரஞ்சித் ஆண்டகையும் எதிர்த்துக் குரல் கொடுத்தார். சதுப்பு என்றால் பாழ் நிலம், மண் போட்டு நிரப்பினால் காணி என்று கணக்குப் போடுவோர் எப்போதும் உண்டு. வள்ளத்தில் போகும்போது நிரப்பிய மேடுகளையும் குப்பையையும் நீங்களே காண்பீர்கள்.

மன்னாருக்குத் திரும்பிவிட்டவர்கள் இவ்வளவு தூரம் வரத் தேவையில்லை. வங்காலைச் சரணாலயம் பக்கத்திலேயே இருக்கிறது. 2010இல் அது ராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டது. மாரி காலத்தில் பூநாரைகள் அங்கு கூட்டமாக இறங்கும். அதைக் காண வீதியோரம் சைக்கிளை நிறுத்தினால் போதும், ஒரு சதமும் செலவில்லை.

"பேரப்பிள்ளை கண்ட வயதில் இதென்ன வெட்கக்கேடு" என்று சிலர் கேட்பார்கள். காலிமுகத்திடலில் இளசுகள் குடைக்குள் ஒளிந்திருப்பதைப் பார்த்துப் பழகியதால், சோடியாகப் போவது என்றாலே அதுதான் என்று நினைக்கிறோம். முப்பது வருடம் ஒன்றாகச் சுமை தூக்கியவர்கள் ஒரு காலைப்பொழுது அருகருகே இருப்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. துணையை இழந்த வாசகர்களும் எம்மிடையே பலர். சகோதரியோடோ, முகாமில் பழகிய தோழியோடோ அவர்களும் போகலாம். தண்ணீர் ஆள் பார்ப்பதில்லை.

பிள்ளைகளை ஒரு நாளைக்கு அம்மம்மாவிடம் விடுங்கள். இடியப்பமும் சம்பலும் வாழையிலையில் கட்டி, போத்தலில் தேநீர் எடுத்துக்கொள்ளுங்கள். தொப்பி, குடை, நுளம்புக்குத் தேய்க்க வேப்பெண்ணெய் ஆகியவையும் வேண்டும். சாப்பிட்ட இலையையும் பையையும் தண்ணீரில் எறியாமல் திரும்பக் கொண்டு வர வேண்டும். பேச வேண்டியதைப் பட்டியல் போட்டுக்கொண்டு போக வேண்டாம்; கடன் பேச்சை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போனால் இன்னும் நல்லது. திரும்பும் வழியில் ஜா-எலச் சந்தியில் பிள்ளைகளுக்கு ஒரு பக்கற் பிஸ்கற் வாங்க மறக்க வேண்டாம். இல்லாவிட்டால் அடுத்த முறை உங்களைத் தனியே விடமாட்டார்கள்.