மன்னார்ச் சாயவேர் சொல்லும் பாடம்

மன்னார் என்றதும் எல்லோருக்கும் முத்துதான் நினைவுக்கு வரும். சிலாவத்துறை, மரிச்சுக்கட்டிக் கரைகளில் முத்துக்குளிப்பு நடந்த கதைகளை நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அதே கரையோரத்து மணலிலிருந்து இன்னொரு செல்வமும் கப்பலேறியது. அதற்காக யாரும் கடலில் மூழ்க வேண்டியிருக்கவில்லை. அது காலடியிலேயே விளைந்து கிடந்தது. சாயவேர் என்பது அதன் பெயர். தூர தேசத்தார் விரும்பி வாங்கிய சிவப்புத் துணிகளுக்கு நிறம் கொடுத்த வேர் அது.

நூல் நூற்பது, சாயமிடுவது, பின்னுவது என்று ஏதேனும் ஒரு கைவேலையில் ஈடுபட்டிருக்கும் சகோதரிகளும், ஈடுபட விரும்பும் சகோதரிகளும் இந்த வேரின் கதையை அறிந்துகொள்வது நல்லது. நிறம் எப்படி வருகிறது என்று தெரிந்துகொள்ளலாம். அதைவிட முக்கியமாக, அவ்வளவு விலைமதிப்புள்ள பொருளைத் தோண்டிக் கொடுத்த கை ஏன் வெறுங்கையாகவே நின்றது என்பதையும் தெரிந்துகொள்ளலாம்.

மணலுக்குள் ஒரு சிவப்பு

சாயவேர்ச் செடி ஒரு சிறு பூண்டு. தமிழ் வைத்தியத்தில் இம்பூறல் என்று சொல்லப்படுவது இதுதான். வறண்ட கடற்கரை மணலில் தானாகவே முளைக்கும். மேலே பார்த்தால் சிறு இலையும் சின்னஞ்சிறு வெள்ளைப் பூவும் தவிர வேறொன்றும் தெரியாது. ஆனால் அதன் வேர் மெல்லிய நூல்போல மணலுக்குள் ஆழமாக இறங்கியிருக்கும். அந்த வேரின் பட்டையில்தான் சாயம் இருக்கிறது. மஞ்சிட்டி, நுணா, கோப்பி ஆகியவையும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவை. மஞ்சிட்டியும் நுணாவும்கூட வேரில் சாயம் உள்ளவையே.

1560இல் போர்த்துக்கேயர் மன்னாரில் கோட்டை கட்டினார்கள். 1658இல் அது ஒல்லாந்தர் கைக்குப் போயிற்று. ஒல்லாந்தக் கம்பனி இந்த வேரைத் தன் வியாபாரப் பொருட்களில் ஒன்றாக வைத்திருந்தது. யாழ்ப்பாணத்தில் தளபதியாக இருந்த ஸ்வார்டகுரூன் என்பவர் 1697இல் தம் ஆலோசனைச் சபைக்கு எழுதிவைத்த நீண்ட அறிக்கையில் சாயவேருக்கும் இடம் கொடுத்திருக்கிறார். மன்னார், வன்னி, யாழ்ப்பாணத் தீவுகள் ஆகிய இடங்களில் வேர் எடுக்கப்பட்டது. அவற்றில் மன்னார் வேருக்கு நல்ல பெயர் இருந்தது.

வேரைத் தோண்டியவர்கள் யார்? விரும்பியவர் விரும்பிய நாளில் தோண்டி, விரும்பியவருக்கு விற்க முடியாது. குறிப்பிட்ட சில சமூகத்தார் அந்த வேலைக்குக் கட்டுப்பட்டவர்களாக இருந்தார்கள். தோண்டியதை அரசாங்கத்திடமே ஒப்படைக்க வேண்டும். அரசாங்கம் குறித்த விலையையே வாங்கிக்கொள்ள வேண்டும். ஒல்லாந்தருக்குப் பின் வந்த பிரித்தானியர் காலத்திலும் இது தொடர்ந்தது. கட்டாய ஊழிய முறையாகிய இராசகாரியம் 1832இல்தான் இலங்கையில் சட்டப்படி ஒழிக்கப்பட்டது.

நிறம் எப்படிப் பிடிக்கிறது?

பருத்தி நூலை வேர்த்தண்ணீரில் போட்டவுடன் சிவந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். அப்படிப் போட்டால் வரும் நிறம் அடுத்த சலவையிலேயே போய்விடும். நூலுக்கும் சாயத்துக்கும் நடுவே இரண்டையும் இணைத்து வைக்க ஒரு பொருள் வேண்டும். அதுதான் படிகாரம். பருத்தி படிகாரத்தை எளிதில் ஏற்காது. அதனால் முதலில் கடுக்காயின் துவர்ப்பை ஊட்ட வேண்டும்.

1742இல் காரைக்காலிலிருந்து கேர்து என்ற பிரெஞ்சுப் பாதிரியார் தம் நாட்டுக்கு எழுதிய கடிதத்தில் இந்த முறையை விரிவாக வர்ணித்திருக்கிறார். நம் சாயக்காரரிடம் கேட்டுக் கேட்டு எழுதியது அது. வெளுத்த துணியைக் கடுக்காய்ப் பொடி கலந்த எருமைப்பாலில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். சிவப்பு வேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைப் பூசுவார்கள். பிறகு சாயவேர் போட்ட தண்ணீரில் காய்ச்சுவார்கள். படிகாரம் பட்ட இடம் மட்டும் நிறத்தைப் பிடித்துக்கொள்ளும். மற்ற இடத்தில் ஒட்டிய கறை, ஆட்டுச் சாணம் கலந்த நீரில் அலசி, வெயிலில் விரித்து, திரும்பத் திரும்பத் தண்ணீர் தெளித்தால் நீங்கிவிடும். தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து இருந்தால் சிவப்பு இன்னும் பளிச்சென்று வரும்.

இப்படிச் செய்த துணிகள் துவைக்கத் துவைக்க மெருகேறின. ஐரோப்பியப் பெண்கள் அவற்றின்மீது மோகம் கொண்டார்கள். தங்கள் நாட்டு நெசவு அழிந்துவிடும் என்று பயந்த பிரான்ஸ் 1686இல் இந்தத் துணிகளுக்குத் தடை விதித்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டம் போட்டது. ஒரு தேசத்தின் அரசாங்கமே அஞ்சுகிற அளவுக்கு இந்தக் கரைகளின் கைவேலை இருந்திருக்கிறது.

சகோதரிகளே, இதில் பெண்களின் பங்கை மறந்துவிடாதீர்கள். துணி என்றால் தறியைத்தான் நினைக்கிறோம். ஒரு தறி ஓட வேண்டுமானால் பல பெண்கள் தங்கள் வீடுகளில் இருந்து நூல் நூற்றுக் கொடுக்க வேண்டும். டாக்கா மஸ்லினுக்கு நூற்ற பெண்கள், இழை அறுந்துவிடாமலிருக்கக் காற்றில் ஈரமுள்ள அதிகாலையைத் தேர்ந்தெடுத்தார்கள். நெய்தவர் பெயரும் விற்றவர் பெயரும் எங்காவது எழுதப்பட்டிருக்கும். நூற்றவள் பெயர் எங்கும் இல்லை.

ஒரே ஆண்டில் புரண்ட வாழ்வு

1868இல் கிரேபே, லீபர்மன் என்ற இரண்டு ஜெர்மன் விஞ்ஞானிகள், மஞ்சிட்டி இன வேர்களில் உள்ள சிவப்புச் சாயமாகிய அலிசரினைத் தார் எண்ணெயிலிருந்து கிடைக்கும் ஒரு பொருளைக் கொண்டு செய்துகாட்டினார்கள். 1869 ஜூன் 25ஆம் திகதி ஜெர்மானியரும், மறுநாள் இங்கிலாந்தின் பெர்கினும் அதைத் தொழிற்சாலையில் தயாரிப்பதற்கு உரிமை கோரி விண்ணப்பித்தார்கள். ஒரே ஒரு நாள் வித்தியாசம்! சில வருடங்களில் தொழிற்சாலைச் சிவப்பு உலகச் சந்தையை நிரப்பியது. வேர்ச் சாயத்துக்கு இருந்த மதிப்பு சரிந்தது.

விஞ்ஞானத்தைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. மலிவாக நிறம் கிடைப்பது ஏழைக்கும் நன்மைதான். சிந்திக்க வேண்டியது வேறு. வேர் தோண்டியவருக்குத் தோண்ட மட்டுமே வாய்ப்பு இருந்தது. சாயமிடுவதும் விற்பதும் வேறு கைகளில் இருந்தன. விலையைக் குறித்தது கம்பனி. ஆகவே வேருக்குத் தேவை குறைந்தபோது அவர் கையில் வேறு எதுவும் மிஞ்சவில்லை.

இதே நிலையைக் காஷ்மீரிலும் காணலாம். லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்து ஆடுகளின் மென்மையான உள்மயிரைக் காஷ்மீர்ப் பெண்கள் யெந்தர் என்ற இராட்டையில் நூற்கிறார்கள். பஷ்மினா சால்வை அதில்தான் உருவாகிறது. சால்வையின் விலையோ மிகப் பெரியது. நூற்றவளுக்குக் கிடைத்ததோ முடிச்சுக் கணக்கில் சில்லறை. இயந்திர நூல் வந்ததும் எத்தனையோ பெண்கள் இராட்டையைப் பரணில் ஏற்றிவிட்டார்கள்.

கூடியிருந்து செய்யும் வேலை

மன்னாருக்கு நேர் எதிர்க்கரையில், தாமிரபரணி பாயும் திருநெல்வேலிச் சீமையில், பத்தமடை என்று ஓர் ஊர் உண்டு. அங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் கோரையில் பாய் நெய்கின்றன. பெரும்பாலும் பெண்கள்தான் நெய்கிறார்கள். கோரையை ஓடும் நீரில் ஊறவைத்து, நூலைப்போல மெல்லியதாகக் கிழித்து, சாயமிட்டு, பருத்தி அல்லது பட்டுப் பாவில் நெய்கிறார்கள். நல்ல பாய் ஒன்றை முடிக்க வாரக்கணக்கில் ஆகும். 1953இல் எலிசபெத் மகாராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து ஒரு பாய் போயிற்று. புல்லைப் பட்டாக்கியது அந்தப் பெண்களின் விரல்தான்.

கம்பளி நூல் பின்னுவதை ஐரோப்பியரிடமிருந்து வந்த பொழுதுபோக்கு என்று பலர் நினைக்கிறார்கள். இன்று உலகில் எஞ்சியிருக்கும் மிகப் பழைய ஊசிப்பின்னல்கள் எகிப்தில் கிடைத்தவை. நீலமும் வெள்ளையும் கலந்த பருத்திக் காலுறைகள் அவை. சிலவற்றில் அரபு எழுத்துகளே அலங்காரமாக அமைந்துள்ளன. ஸ்பெயினில் 1275இல் இறந்த பெர்னாண்டோ என்ற கிறிஸ்தவ இளவரசரின் கல்லறையில் பட்டு நூலில் பின்னிய ஒரு தலையணை இருந்தது. அதில் 'பரக்கத்' என்ற சொல் அரபியில் பின்னப்பட்டிருக்கிறது. முஸ்லிம் கைவினைஞரின் வேலை அது.

கைவேலை நம் அன்னையருக்கும் அந்நியமானதல்ல. ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்கள் தோல் பதனிட்டும் தைத்தும் சம்பாதித்து, அதைத் தர்மம் செய்தார்கள். வாக்குறுதியை முறிப்பவர்களுக்குத் திருக்குர்ஆன் சூரத்துந் நஹ்லில் கூறும் உவமையும், உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் போடும் ஒரு பெண்ணைப் பற்றியதுதான்.

1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது, மன்னார் மக்கள் பலர் படகேறிக் கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள். வீடு, காணி, நகை, தோணி எல்லாம் பின்னால் நின்றுவிட்டன. புத்தளத்துக் கிடுகுக் கொட்டில்களில் வாழ்வைத் தொடங்கியபோது அவர்களோடு வந்தது கைத்திறன் ஒன்றுதான். தைக்கத் தெரிந்தவள் தைத்தாள். பின்னத் தெரிந்தவள் பின்னினாள். யுத்தம் முடிந்த 2009க்குப் பிறகு சிலர் ஊர் திரும்பினார்கள். பலர் புத்தளத்திலேயே தங்கிவிட்டார்கள். எங்கிருந்தாலும், கையில் உள்ளதை எவரும் பறிக்க முடியாது என்பதை அந்தப் பெண்களுக்கு எவரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நீங்கள் செய்யக்கூடியது

அயல்வீட்டு ராத்தா, மைனி, மகள், தோழி என்று நாலைந்து பேர் சேருங்கள். அஸருக்குப் பின் கிடைக்கும் ஒரு மணி நேரம் போதும். ஒருவர் தக்களியில் நூற்கப் பழகட்டும். ஒருவர் சாயம் காய்ச்சட்டும். ஒருவர் ஊசியெடுத்துப் பின்னட்டும். சில மாதங்களில் வேலையை மாற்றிக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் எல்லாம் தெரிந்திருக்க வேண்டும். வேர் தோண்டியவருக்குக் கிடைக்காத வாய்ப்பு அதுதான்.

சாயத்துக்கு மாதுளந்தோல், வெங்காயத் தோல், செவ்வந்திப் பூ போன்றவற்றில் தொடங்குங்கள். மஞ்சள் பொடியின் நிறம் வெயிலில் நிற்காது. காட்டுச் சாயவேரைத் தேடிப் பிடுங்க வேண்டாம். வேரோடு போனால் செடியே போய்விடும். 100 கிராம் பட்டு அல்லது கம்பளி நூலுக்கு 10 முதல் 15 கிராம் படிகாரம் போதும். நூலை முதலில் பச்சைத் தண்ணீரில் நன்றாக நனைத்துக்கொள்ளுங்கள். பட்டைக் கொதிக்க விடாதீர்கள், மினுமினுப்புப் போய்விடும். கம்பளியைச் சூட்டிலிருந்து எடுத்துத் திடீரெனக் குளிர்நீரில் போட்டால் சுருங்கிக் கட்டியாகிவிடும். சாயப் பானை வேறு, சமையல் பானை வேறாக இருக்கட்டும். விற்பதற்கு முன், சாயமிட்ட நூலில் ஒரு துண்டை ஜன்னலிலும் ஒரு துண்டைப் பெட்டிக்குள்ளும் இரண்டு வாரம் வைத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மங்கும் நிறத்தை மங்காது என்று சொல்லி விற்பது நமக்கு ஆகுமானதல்ல.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கணக்குப் புத்தகம் வையுங்கள். நூல் என்ன விலை, சாயச் சாமான் என்ன விலை, யார் எத்தனை மணி நேரம் இருந்தார்கள் என்று எழுதுங்கள். 'வீட்டில் சும்மா இருக்கும் நேரத்தில் செய்ததுதானே' என்று சொல்லி விலை குறைக்க வருவார்கள். அந்தப் புத்தகத்தைத் திறந்து காட்டுங்கள். பெண்ணின் நேரத்துக்கு விலையில்லை என்ற எண்ணம் வாங்குபவரிடம் மட்டும் இருப்பதில்லை; பல வீடுகளில் கணவரிடமும், சில நேரம் அவளிடமேயும் இருக்கிறது. முதலில் அதை நீக்க வேண்டும்.

மன்னார் மணலில் தோண்டிய வேருக்கு விலையை வேறொருவர் எழுதினார். உங்கள் நூலின் விலையை நீங்களே எழுதுங்கள்.