மணி மீட்டர் எதை எண்ணுகிறது?

பாதாளச் சாக்கடை வந்து சேராத புறநகர்த் தெருக்களில் கழிவுநீர் லாரி வேலை செய்வதைப் பலரும் பார்த்திருப்போம். வாசலில் நிறுத்தி, செப்டிக் டேங்கில் குழாயை இறக்கி, அரை மணி நேரம் உறிஞ்சும். அந்த வேக்குவம் பம்பைச் சுழற்றுவது லாரியின் சொந்த இன்ஜின்தான். அரை மணியும் அது தெருவே அதிர உறுமுகிறது. எண்ணெய் சூடாகிறது, பிஸ்டன் தேய்கிறது. சக்கரம் மட்டும் ஓர் அங்குலம் நகரவில்லை. மாடித் தொட்டிக்குப் பம்ப் போட்டுத் தண்ணீர் ஏற்றும் டேங்கர் லாரிக்கும் இதே கதை. கிலோமீட்டர் மீட்டரைக் கேட்டால், இந்த வண்டிகள் சும்மா நின்றன என்றுதான் சொல்லும்.

சென்னைப் புறநகரில் பொழிச்சலூர், பம்மல், அனகாபுத்தூர் பக்கம் உழைக்கும் இன்ஜின்களில் கணிசமானவை இப்படி நின்ற இடத்திலேயே உழைப்பவை. ஜேசிபி, அபார்ட்மென்ட் ஜெனரேட்டர், போர்வெல் வண்டி, அடையாற்றில் தூர்வாரும் போக்லைன் எல்லாம் இதில் சேரும். இவற்றின் வயதைக் கிலோமீட்டரில் சொல்ல முடியாது, மணியில்தான் சொல்ல வேண்டும். அதற்காக வந்தது மணி மீட்டர். அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்ட் நகரில் ஜான் வெஸ்டன் ஹாப்ஸ் என்பவர் 1938-இல் தொடங்கிய நிறுவனம் வண்டிகளுக்கு மின்சாரக் கடிகாரங்கள் செய்தது. சிறு விமானம் ஓட்டுபவர்கள் இன்றைக்கும் மணி மீட்டரை அவர் பெயரால் ‘ஹாப்ஸ்’ என்றே அழைக்கிறார்கள்.

தப்பு நடக்கும் முதல் இடம் மீட்டரே அல்ல, அதைப் படிக்கும் கண். ஜேசிபியை வாடகைக்கு எடுக்கிறோம். வேலை தொடங்கும்போது மீட்டரில் 4521.7, முடியும்போது 4524.2. வித்தியாசம் 2.5. இது 2 மணி 5 நிமிடமா, 2 மணி 50 நிமிடமா என்று வாசலில் நின்று வாக்குவாதம் நடக்கும். இரண்டும் இல்லை, 2 மணி 30 நிமிடம். கடைசி இலக்கம் மணியில் பத்தில் ஒரு பங்கு. 6 நிமிடத்துக்கு ஒரு முறைதான் நகரும். அதனால்தான் பல மீட்டர்களில் அந்த ஓர் இலக்கத்தை மட்டும் வேறு நிறத்தில் போட்டிருப்பார்கள்.

இனி மீட்டருக்குள் போவோம். மின்சார மணி மீட்டரில் பெரும்பாலும் இருப்பது நம் கைக்கடிகாரத்தில் இருக்கும் அதே குவார்ட்ஸ் படிகம். நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. அந்த எண்ணைப் பதினைந்து முறை பாதியாக்கினால் மிகச் சரியாக நொடிக்கு ஒன்று. இப்படிப்பட்ட கடிகாரம் மாதத்துக்கு அரை நிமிடம் முன்பின்னாகப் போனால் அதிகம். அப்படியிருக்க, பழைய பிக்கப்பின் மீட்டரில் ஆயிரம் மணி நேரம் குறைகிறது அல்லது கூடுகிறது என்றால் அந்தப் பிழை எங்கிருந்து வருகிறது? கடிகாரத்திலிருந்து அல்ல. ‘இப்போது எண்ணு, இப்போது நிறுத்து’ என்று அதற்குச் சொல்லும் ஒயரிலிருந்து வருகிறது.

அந்த ஒயரை மூன்று இடங்களில் எதிலாவது சேர்த்திருப்பார்கள். மிகச் சுலபமானது இக்னிஷன் சாவி. சாவியைத் திருப்பினால் மீட்டர் ஓடும், இன்ஜின் ஓடினாலும் ஓடாவிட்டாலும். லோடுக்காகக் காத்திருக்கும் டிரைவர் தினமும் 2 மணி நேரம் சாவியைத் திருப்பி வைத்துப் பாட்டுக் கேட்டால், 300 நாள் வேலையில் 600 மணி நேரம் கூடிவிடும். இன்ஜின் அந்த 600 மணியும் தூங்கிக்கொண்டிருந்தது.

அடுத்தது ஆல்டர்னேட்டர், நம் மெக்கானிக்குகள் வாயில் டைனமோ. அது மின்சாரம் கொடுத்தால் மீட்டர் எண்ணும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 1986-இல் வந்த டாடா 407 போன்ற பழைய டீசல் வண்டிகளின் குணம் ஒன்று உண்டு. அவற்றில் டீசலைப் பீய்ச்சும் பம்ப் முழுக்க இயந்திரமயமானது. ஒரு முறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் ஓடுவதற்கு மின்சாரம் ஏறக்குறைய தேவையே இல்லை. டைனமோ செத்துப்போன வண்டியைத் தள்ளி ஸ்டார்ட் செய்து வாரக்கணக்கில் ஓட்டுவார்கள். அந்த வாரங்கள் மணிக் கணக்கில் ஏறாது.

மூன்றாவது, ஆயில் பிரஷர் ஸ்விட்ச். மூன்றிலும் நேர்மையானது இதுதான். இன்ஜின் சுழன்றால்தான் எண்ணெய் அழுத்தம் வரும், அழுத்தம் வந்தால்தான் மீட்டர் நகரும். ஆனால் இதிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது. பேரிங் தேயத் தேய இடைவெளி கூடி எண்ணெய் நழுவுகிறது. சூடான இன்ஜின் ஆக்சிலரேட்டர் இல்லாமல் ஓடும்போது அழுத்தம் சரிகிறது. சரிவு ஸ்விட்சின் எல்லைக்குக் கீழே போய்விட்டால் மீட்டர் நின்றுவிடும். ஆக, உள்ளே மிக மோசமாகத் தேய்ந்த இன்ஜினுக்குத்தான் வயது குறைவாகப் பதிவாகும் வாய்ப்பு இருக்கிறது. பழைய வண்டி வாங்குபவர் கவலைப்பட வேண்டிய இடம் இது.

ஒயரே இல்லாத காலத்து மீட்டர்களும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனத்தின் பழைய மாஸி ஃபெர்குசன் டிராக்டர்களில் இன்ஜினிலிருந்து ஒரு கேபிள் மீட்டருக்கு வரும். அது எண்ணுவது நேரத்தை அல்ல, சுற்றுகளை. குறிப்பிட்ட வேகத்தில் ஓடினால் மட்டுமே அதன் ஒரு மணி நம் ஒரு மணி. உதாரணமாக 1,500 ஆர்பிஎம்முக்கு அளவிட்ட மீட்டர், 750-இல் ஒரு மணி நேரம் ஓடினால் அரை மணிதான் காட்டும். இது பிழை அல்ல. மெதுவாக ஓடியபோது தேய்மானம் குறைவு என்ற யோசனை அந்தப் பல்சக்கரங்களிலேயே இருக்கிறது. எனக்கு இந்தப் பழைய ஏற்பாட்டின் மேல் பெரிய மரியாதை உண்டு.

இந்த இரண்டு கணக்கையும் பிரித்து வைத்துக்கொண்டவர்கள் விமானக்காரர்கள். பொழிச்சலூருக்குப் பக்கத்து மீனம்பாக்கத்தில் மெட்ராஸ் ஃபிளையிங் கிளப்பின் பயிற்சி விமானங்கள் பறந்த காலம் உண்டு. செஸ்னா போன்ற சிறு விமானங்களில் இரண்டு எண்கள் இருக்கும்: கடிகார நேரத்தை எண்ணும் ஹாப்ஸ், சுற்றுகளை எண்ணும் டாக்கோமீட்டர். வாடகைக்குப் பெரும்பாலும் முதல் எண், பராமரிப்புக்குப் பெரும்பாலும் இரண்டாவது. தரையில் மெதுவாக ஊர்ந்த நேரம் வாடகையில் முழுதாக ஏறும், இன்ஜின் வயதில் குறைவாகத்தான் ஏறும்.

பெரிய விமானங்களுக்கு மணி மட்டும் போதாது. 1988 ஏப்ரல் 28 அன்று ஹவாய்த் தீவுகளுக்கிடையே பறந்த அலோஹா ஏர்லைன்ஸ் போயிங் 737 ஒன்றின் முன்பக்க மேற்கூரை நடுவானில் பிய்ந்து பறந்தது. பணிப்பெண் ஒருவர் உயிரிழந்தார். அந்த விமானம் பறந்திருந்தது 35,496 மணி நேரம். ஆனால் ஏறி இறங்கியது 89,680 முறை. சராசரியாக 24 நிமிடத்துக்கு ஒரு முறை உடல் முழுக்கக் காற்றழுத்தம் ஏறி வடிந்திருக்கிறது. மணி சொல்லாத வயதை அந்த இன்னொரு எண்தான் சொன்னது.

தரைக்கு வருவோம். 2005-இல் வந்த டாடா ஏஸ், நம் குட்டி யானை, பழைய மாடல்களில் கிலோமீட்டரை மட்டும் காட்டியது. பிற்காலத்துப் பிக்கப்புகளில் மணியை மென்பொருளே எண்ணுகிறது. சில வண்டிகளில் இன்ஜினின் கணினியில் ஓர் எண்ணும், டேஷ்போர்டு மீட்டரில் ஓர் எண்ணும் தனித்தனியாக இருக்கும். மீட்டரை மாற்றினால் இரண்டும் பிரிந்துவிடும். 2015 டிசம்பரில் அடையாறு கரைபுரண்டபோது சென்னை விமான நிலையமே நாள்கணக்கில் மூடிக்கிடந்தது. அப்படி வெள்ளத்தில் நின்ற வண்டிக்குப் பழைய மார்க்கெட்டிலிருந்து வேறு மீட்டர் வாங்கிப் பொருத்தினால், யாரோ ஒருவருடைய வண்டியின் வயது இந்த வண்டிக்கு வந்துவிடும். ஏமாற்றும் எண்ணம் யாருக்குமே இல்லாமல் இது நடக்கும்.

அப்படியானால் இந்த எண்ணால் பயனே இல்லையா? இருக்கிறது. கிலோமீட்டரை மணியால் வகுத்துப் பாருங்கள், வண்டியின் வாழ்நாள் சராசரி வேகம் கிடைக்கும். 1,80,000 கிலோமீட்டருக்கு 9,000 மணி என்றால் மணிக்கு 20 கி.மீ.; பல்லாவரம் நெரிசலில் சரக்கு ஏற்றிய வண்டிக்கு நம்பக்கூடிய எண். அதே கிலோமீட்டருக்கு 2,400 மணிதான் என்றால் சராசரி 75 கி.மீ. ஜி.எஸ்.டி. சாலையில் தினமும் போகிறவர்கள் அதைக் கேட்டால் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். மணி மீட்டர் எங்கேயோ நின்றிருக்கிறது அல்லது மாற்றப்பட்டிருக்கிறது. சராசரி 5 கி.மீ. என்று வந்தால், சாவி போட்டபடி கிடந்திருக்கலாம். இல்லை, உண்மையிலேயே நின்ற இடத்தில் ஓடியிருக்கலாம்.

இரண்டாவது வகை வண்டியை லேசாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு மணி நேரம் நின்றபடி ஓடுவது 25 முதல் 33 மைல் ஓட்டத்துக்குச் சமம் என்று ஃபோர்டு நிறுவனம் கணக்குச் சொல்லியிருக்கிறது, ஏறக்குறைய 40 முதல் 53 கிலோமீட்டர். சுமையில்லாமல் நெடுநேரம் ஓடும் டீசல் இன்ஜின் போதிய சூடு ஏறாமல் டீசலை முழுக்க எரிக்காது. எரியாத டீசலும் கரியும் எண்ணெயில் கலந்து அதன் வழுவழுப்பைக் கெடுக்கும். பெரிய ஜெனரேட்டரை இரண்டு டியூப்லைட்டுக்காக இரவு முழுக்க ஓடவிடும் அபார்ட்மென்ட்களில் புகைக்குழாய் வழியே கருப்பாக வழிவது இதுதான்.

பழைய பிக்கப்போ ஜெனரேட்டரோ வாங்கப் போகிறவர்கள் மூன்றைச் செய்யுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டுச் சாவியை மட்டும் போட்டு 6 நிமிடம் காத்திருந்து, கடைசி இலக்கம் நகர்கிறதா என்று பாருங்கள். பிறகு இன்ஜினை நன்றாகச் சூடாக்கி, ஆக்சிலரேட்டரைத் தொடாமல் இன்னொரு 6 நிமிடம் ஓடவிட்டு மறுபடி பாருங்கள். வாங்கிய பிறகு, ஒவ்வொரு முறை ஆயில் மாற்றும்போதும் தேதி, கிலோமீட்டர், மணி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வண்டியிலேயே வையுங்கள். மீட்டர் மாற்றினால் பழைய மீட்டரின் கடைசி எண்ணையும் அதில் எழுதிவிடுங்கள்.